பாரிமுனைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கம்மி விலையில் ஹை எண்ட் ஆடியோ செட் தேடிக்கொண்டிருக்கும் வடசென்னை ஆட்கள் இதை முழுசாகப் படியுங்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கடையில் ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் சேர்த்து 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் திறப்பார்கள். அவர்கள் தொழில் செய்யும் விதம் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலை வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். புதிதாக வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுபவர், இரண்டாவது கையாக வாங்கியவர், வேறு கம்பெனிக்குப் போய்விட்டு இதற்கே திரும்பி வந்தவர் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பேசுவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பெட்டியைப் பற்றி, எனக்கு வந்ததில் முகப்பும் பெயரும் மட்டும்தான் கம்பெனியுடையது. நல்ல பெயர் எடுத்த மாடலாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள், உள்ளே இருக்கும் உருப்படியான சாமானை உருவித் தனியாக விற்றுவிடுகிறார்கள், அந்த இடத்தில் லோக்கல் சரக்கை வைத்து மூடி, முகப்பைத் துடைத்துப் பளபளவென்று அடுக்கி வைக்கிறார்கள். மீதி வேலையை ஊரார் எழுதிய பாராட்டே பார்த்துக்கொள்கிறது. "நான் சொல்ல வேணாம்ணா, வச்சிருக்கவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே பாருங்க" என்று கடைக்காரரே போனைத் திறந்து என் கையில் கொடுத்தார். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

கடையில் போட்டுக் காட்டியபோது எல்லாம் பிரமாதம். ஃபேன் சத்தம், கீழே ஹாரன் சத்தம், அதற்கு நடுவில் பேஸ் தூக்கி வைத்த கானா பாட்டு ஒன்று, நெஞ்சு அதிர்ந்தது. "600 வாட்ஸ்ணா, எடுத்துட்டுப் போங்க" என்றார். (இந்த 600 கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு கண நேர உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லும் எண், அதற்கு ஒரு நிர்ணயமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜ சக்தி, அதுவும் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு என்பது. 1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு (ஒரு பக்க ஸ்பீக்கருக்கு) 20 வாட்ஸ்தான், உலகமே கொண்டாடியது. வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், நம் வீட்டு 10க்கு 12 ஹாலுக்கு 20, 30 வாட்ஸ் நிஜமாக இருந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.)

ராயபுரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி தெரு அடங்கினதும் நாதஸ்வரம் ஒன்று போட்டேன். இடது ஸ்பீக்கர் சரி. வலது பக்கம் கம்பளி போர்த்திக்கொண்டு வாசிப்பது மாதிரி வந்தது. அரை மணி நேரத்தில் பாட்டை நிறுத்தினாலும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், மேலே கை வைத்தால் சூடு, வார்னிஷ் வாசனை வேறு. கடைக்காரருக்குப் போன் போட்டால், "உங்க ஏரியா கடல் காத்துண்ணா, கரண்டும் ஒழுங்கா வராது, அதான்" என்கிறார். கடல் காற்று விஷயம் பொய் இல்லை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கே தெரியும், ஒயர் மாட்டும் டெர்மினல் பச்சை பூக்கும், உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலேயின் காண்டாக்ட் கறுத்து ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடும். ஆனால் அதெல்லாம் வருஷக்கணக்கில் நடப்பது, வாங்கின வாரத்திலேயே நடக்காது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் பிடிக்கும் ஒரு பாய் இருக்கிறார், அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்க்ரூ தலைகளைக் காட்டி, "நிறைய கை பட்டிருக்கு தம்பி" என்றார். பின்பக்கம் 230 வோல்ட் என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார், அடியில் கம்பெனி அச்சடித்த 100 வோல்ட் இருந்தது. ஜப்பானில் வீட்டுக் கரண்டே 100 வோல்ட்தான், அந்த ஊர் மார்க்கெட்டுக்கான பெட்டியை இங்கே ஓட்ட வெளியே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், அப்படி ஓட்டினால் ஒரு தப்பும் இல்லை. இவர்களோ உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னதாக லோக்கலில் சுற்றியதை வைத்திருந்தார்கள். உறுமலும் சூடும் அங்கிருந்துதான். ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) இருந்த, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் டூப்ளிகேட், மேலே இருக்க வேண்டிய நம்பரைத் தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடித்திருந்தார்கள். ஸ்பீக்கரைத் திறந்தால் இன்னும் மோசம். பேஸ் கொடுக்கும் பெரிய வூஃபர் இரண்டும் லோக்கல், நடுவில் இருக்கும் மூடியில் மட்டும் கம்பெனி எழுத்தை ஒட்டியிருந்தார்கள். மேல் ஸ்வரங்களைக் கொடுக்கும் சின்ன ட்வீட்டரில், வலது பக்கத்ததன் கம்பிச் சுருள் எரிந்து போயிருந்தது. பாய் கூலி வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அவர் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனி மேனுவலில் பெட்டியின் எடை போட்டிருப்பார்கள், ஆம்ப்ளிஃபயர் எடையில் பெரும் பங்கு டிரான்ஸ்ஃபார்மருடையது, அதனால் ஒரு தராசில் வைத்தாலே பாதி குட்டு வெளிப்படும். என்னுடையதை எங்கள் தெரு பழைய பேப்பர் கடையில் நிறுத்தபோது மேனுவலில் இருந்ததைவிட கிட்டத்தட்ட மூன்று கிலோ குறைந்தது. அப்புறம், ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அதோடு திருப்தியாகிவிடாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 ஓம் பக்கம் காட்டும், அது சரிதான், ஆனால் அது வூஃபருக்கு மட்டும். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும், மீட்டர் விடும் டிசி கரண்ட் அதைத் தாண்டாது, எனவே ட்வீட்டர் செத்தே போயிருந்தாலும் பின்பக்க டெர்மினலில் ஒன்றும் தெரியாது. பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, காதை ட்வீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்க வேண்டும், பிறகு அடுத்த பக்கம். பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும், குரலும் வயலினும் வருகிற மாதிரி, அவர் போடும் டமடம பாட்டில் எரிந்த ட்வீட்டர்கூட மறைந்துவிடும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு மேலே கை வையுங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் படி இறங்கிவிடுங்கள்.

பணம் கதைக்கு வருகிறேன். திரும்பப் போனபோது, "கேட்டுப் பாத்துத்தானேண்ணா வாங்கினீங்க" என்று ஆரம்பித்து, இன்னும் 15,000 கொடுத்தால் வேறு செட் மாற்றித் தருகிறேன் என்றார். அந்த வேறு செட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, பின்னால் 'நோ கேரண்டி' என்று ரப்பர் ஸ்டாம்ப். ஆனால் பணம் போனில் அனுப்பியிருந்தேன், அவர் 'ஃபுல் ஒரிஜினல், எதுவும் மாத்தல' என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் இருந்தார், இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதையும் அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம்தான் அண்ணா என்பது சார் ஆனது. இழுத்தடித்து, கடைசியில் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 30,000 கொடுத்தார். 12,000 போனது போனதுதான், ஆணையத்துக்கு அலைய எனக்கு நேரமில்லை.

இந்தப் பதிவை இப்போது போடுவதற்குக் காரணம், அதே செட் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'சிங்கப்பூர் சரக்கு, ஒரே ஓனர்' என்று திரும்ப வந்திருக்கிறது. அடையாளம் சொல்கிறேன்: ஆம்ப்ளிஃபயர் வெள்ளி நிறம், பின்பக்கம் வோல்ட் எழுதியிருக்கும் இடத்தில் நகக்கீறல் இருக்கும், அதன்மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தடவினால் தெரியும். ஸ்பீக்கர் மர நிறம், வலது ஸ்பீக்கரின் அடியில் பாய் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறி இருக்கிறது, அதை அவர்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டார்கள்.