அம்மாபேட்டையில் போலிக் கடையைப் பிடிக்கும் அட்டை விளையாட்டு

இரண்டு மாதங்களுக்கு முன் என் அண்ணி, கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி சேலத்தை அடுத்த நெசவூரான இளம்பிள்ளையின் சேலை ஒன்றுக்கு 1,499 ரூபாய் கட்டினார். சேலையும் வரவில்லை, சில நாட்களில் அந்தத் தளமும் காணாமல் போயிற்று. அதனால்தான், சேலம் அம்மாபேட்டையில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஞாயிறு மாலையில் நடத்தும் இந்த விளையாட்டுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கட்டணம் இல்லை.

நால்வர் கொண்ட அணிக்கு, இணையக் கடைகளின் பக்கங்களை அச்சிட்ட பன்னிரண்டு அட்டைகள் தருகிறார்கள். ஒவ்வொன்றையும் ‘வாங்கலாம்’, ‘வேண்டாம்’ என்று பிரித்துக் காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்ற இந்த ஒரு விதிதான், இதை வெறும் ஊக விளையாட்டாகப் போய்விடாமல் காக்கிறது.

வரிக்குப் பதிவு செய்த கடைக்குத் தரப்படும் ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு 33, என்பது எங்கள் மேசையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. முகவரியில் இளம்பிள்ளை என்று போட்டிருந்த கடையின் எண் டெல்லிக்குரிய 07 என்று தொடங்கியது. ஜிஎஸ்டி தளத்தில் இட்டுப் பார்த்தால் அப்படியோர் எண்ணே இல்லை. முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருக்கிறதே என்று நாங்கள் நம்பிய கடையும் போலிதான். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அந்தக் குறி சொல்கிறது, விற்பவர் நேர்மையானவர் என்பதை அல்ல.

பக்கத்து அணியில் இருந்த, தறி வேலை பார்த்த பெரியம்மா ஒருவர் எந்த எண்ணையும் பார்க்கவில்லை. “ஒரு சேலை சிவப்புத் தரையில கெடக்கு, இன்னொண்ணு மார்பிள்ல கெடக்கு. ஒரே கடைன்னா தரை மாறுமா?” என்றார். பல இடங்களிலிருந்து திருடிய படங்கள் என்பதை அத்தனை பேரில் அவர் ஒருவரே கண்டார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. மங்கலான படங்கள், ஜிஎஸ்டி எண் இல்லை, பணம் முன்கூட்டியே என்றிருந்த ஓர் அட்டையைப் பெரும்பாலான அணிகள் போலி என்று ஒதுக்கின. அது நெசவுக் குடும்பம் ஒன்று உண்மையாகவே நடத்தும் கடை. விற்றுமுதல் குறைந்த சிறு வியாபாரிக்குச் சட்டப்படியே அந்த எண் தேவைப்படாமல் இருக்கலாம். மோசடிக்காரரின் தளமோ பளபளப்பாகவே இருக்கிறது. நேர்மையான கடையைப் போலி என்று சொன்னால் மதிப்பெண் குறைய வேண்டும், இப்போது குறைவதில்லை. மக்கள் சந்தேகிக்கும் கடைகளின் பெயர்களைத் திரட்டி வெளியிடும் எண்ணமும் மாணவர்களுக்கு இருப்பதால், இதைத் திருத்தாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது என்று அவர்களிடமே சொன்னேன்.

பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை முடிவில்தான் சொல்கிறார்கள். பாதிப் பேர் அதற்குள் எழுந்துவிட்டார்கள். அதை முதலில் சொல்லலாம். அட்டைகளில் எழுத்து மிகப் பொடி. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் மறக்காமல் கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள்.