பழைய ரோடு சைக்கிளுக்கு 165 கிராங்க்: கடலூர்ச் சாலையில் நெடுநாள் ஓட்டிய அனுபவம்

பழைய ரோடு சைக்கிளைக் குறைந்த செலவில் கட்டுபவர்கள், கிடைத்த கிராங்கை, அதாவது பெடலை மாட்டும் கையை, மாட்டிவிடுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் 170 மி.மீ. நீளம். புதுச்சேரி–கடலூர் சாலையில் தொடர்ந்து ஓட்டியதில் தெரிந்தது: உள்கால் அளவு (கவட்டியிலிருந்து தரை வரை) 78 செ.மீ.க்குக் கீழே என்றால் 165தான் பொருந்துகிறது. இந்தத் தடத்தில் மேடு என்று சொல்லப் பாலங்களை விட்டால் ஒன்றுமில்லை. ஆளை வாட்டுவது பிற்பகல் கடற்காற்று. அதற்காகக் குனிந்தே மிதிக்கும்போது, தொடை வயிற்றில் முட்டாமல் இருப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் சீட்டைத் தொடாமல் கிராங்கை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான். கிராங்க் 5 மி.மீ. குறைந்தால் சீட்டும் 5 மி.மீ. உயர வேண்டும். அப்போதுதான் பெடல் மேலே வரும்போது, சீட்டிலிருந்து பார்த்தால் 10 மி.மீ. இடம் கூடி, முட்டி அவ்வளவாக மடங்காது. சின்ன ஃபிரேமில் முன்சக்கரத்தில் கால்விரல் இடிப்பதும் சற்றுக் குறையும்.

வேகம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 2001இல் மார்ட்டின், ஸ்பிர்டூசோ என்ற ஆய்வாளர்கள் 120 முதல் 220 மி.மீ. வரையிலான கிராங்குகளைச் சோதித்தபோது, உச்ச சக்தியில் வந்த வேறுபாடு சுமார் 4 சதவீதம்தான். 165இல் அதே கியருக்கு 3 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். பின்சக்கரத்தில் 18 பல் கியருக்குப் பதில் 19க்கு மாறினால் போதும். கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்.

காசைக் கரைப்பது நீளமல்ல, கிராங்கை அச்சில் மாட்டும் சதுரத் துளை தேய்ந்திருப்பது. லூஸாகவே ஓட்டிய கிராங்கில் துளையின் மூலைகள் உருண்டிருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அதை வாங்கவே வாங்காதீர்கள். பெடல் துளைக்குப் பின்புறம் பொறித்திருக்கும் நீள எண்ணை இரண்டு கிராங்க் கையிலும் பாருங்கள். பழைய சரக்கில் ஒன்று 170, மற்றொன்று 172.5 என்று ஜோடி மாறியிருக்கும். சதுர அச்சுக்கு ஐஎஸ்ஓ, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) என்று இரண்டு அளவுத் தரங்கள் உண்டு; ஐஎஸ்ஓ கிராங்கை ஜேஐஎஸ் அச்சில் போட்டால் ஏறத்தாழ 4.5 மி.மீ. வெளியே தள்ளி நின்று, செயின் கோணலாக ஓடும்.

பிரெஞ்சு சைக்கிள் கையில் கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பியூஜோக்களில் பெடல் மரை 14 மி.மீ. × 1.25 ஆக இருக்கலாம்; இப்போதைய 9/16 அங்குலப் பெடலை அதில் திணித்தால் மரை போய்விடும். முறையாக மரை வெட்டித்தான் போட வேண்டும்.

கிராங்கை அச்சோடு பிடிக்கும் போல்ட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். டார்க் ஸ்பேனர் இல்லையா? 30 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 12, 13 கிலோ கனம் தொங்குகிற அளவு இழுவை. முதல் 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள், முக்கியமாக இடது பக்கம். பிறகு சும்மா சும்மா இறுக்கக் கூடாது. ஒவ்வொரு இறுக்கலிலும் கிராங்க் கை அச்சின் மேல் இன்னும் ஏறும், கடைசியில் அலுமினியம் விரியும்.

உப்புக்காற்றில் அலுமினியக் கிராங்கும் இரும்புப் பெடல் அச்சும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெடலைக் கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடது பெடலுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.