ஏபிஎக்ஸ் கம்பாரேட்டர்: காதுக்கு வைக்கும் தேர்வை எவ்வளவு நம்பலாம்?

விண்டோஸ் கணினியில் இயங்கும் ஃபூபார்2000 என்ற பிளேயரில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஏபிஎக்ஸ் கம்பாரேட்டரைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏ, பி என இரண்டு ஒலிக்கோப்புகளைக் கொடுத்தால், அவற்றுள் ஒன்றை எக்ஸ் என்று பெயர் மறைத்து ஒலிக்கவிட்டு, அது எது என்று நம்மிடமே கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950இல் விவரித்த முறையின் வழிவந்தது இது.

ஒரு தனி ஆவர்த்தனப் பதிவில் கடத்தின் கூரிய அடிகள் விழும் பத்து நொடிகளை எடுத்து, மூலத்தையும், அதை நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3யையும் ஒப்பிட்டேன். ஒவ்வோர் அடிக்கும் சற்று முன்பே மெல்லிய இரைச்சல் படர்வதைப் பிடித்துக்கொண்டு, 16 முறையில் 14 முறை சரியாகச் சொன்னேன். 256க்கு உயர்த்தியதும் அது 9 ஆகக் குறைந்தது. பெயரைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதோ அங்கும் வேறுபாடு பளிச்சென்று கேட்டிருந்தது; அதில் கண்ணுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை.

ஆனாலும் அந்த 9ஐ வைத்து வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெறும் ஊகத்தால் ஒருவர் 16க்கு 12 அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு 3.8 விழுக்காடுதான் என்பதால், எத்தனை முறை கேட்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு பெற்ற தேர்ச்சியை நம்பலாம். தோல்வி அப்படியல்ல: உண்மையிலேயே வேறுபாட்டை உணர்ந்து பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்லும் காது கொண்டவர்கூட, 16 முறை மட்டுமே கேட்டால், அந்த 12ஐ எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடுதான். ஊகத்துக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுக் காட்டும் இந்தக் கருவி, நுண்ணிய வேறுபாடு தவறிப்போகும் வாய்ப்பையும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான குறை.

மற்றொன்று, இது கோப்புகளை மட்டுமே ஒப்பிடும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிட விரும்புவோர்க்குத் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பை மாற்றித் தரும் தனி மாற்றுப்பெட்டியும், ஒலி அளவைச் சமப்படுத்த ஒரு மல்டிமீட்டரும் தேவை. 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்துவதென்றால் ஸ்பீக்கர் முனைகளில், எடுத்துக்காட்டாக 2.83 வோல்ட் இருக்கும்போது, 0.03 வோல்ட் வேறுபாடுகூட மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சற்று உரக்க ஒலிப்பதே தரமானதாகத் தோன்றிவிடும்.