கருநீலக் காரும் ஒரு டிஏ பாலிஷரும்: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஊர் திருப்பூர். இங்கே காரைத் துடைக்கத் துணிக்குப் பஞ்சமே கிடையாது, பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பித்து வீட்டு வாசல் வரை எல்லோர் கையிலும் அதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் கருநீல ஸ்விஃப்ட்டை நானும் இரண்டு வருடம் தினமும் காலையில் அந்தத் துணியால்தான் துடைத்தேன், தண்ணீர்கூடத் தெளிக்காமல், மேலே படிந்த தூசியோடு சேர்த்து அழுத்தி. ஒரு நாள் சாயங்கால வெயில் பானெட்டில் சாய்வாக விழுந்தபோதுதான் கவனித்தேன். வெயில் மின்னும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வெள்ளை வண்டி என்றால் கண்ணில் பட்டிருக்காது. கருப்பு, கருநீலம் எல்லாம் எதையும் மறைக்காது.

உள்ளூரில் ஒரு கடையில் ரப்பிங் பாலிஷ் போடக் கொடுத்தேன். கையில் வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று தடவை கழுவியதும் பழைய கீறலில் பாதி திரும்ப வந்துவிட்டது, கூடவே புதிதாக இன்னொன்று: வெயிலில் வண்டியைச் சுற்றி நடந்தால் நம்மோடு கூடவே நகரும் நிழல் நிழலான பட்டைகள். ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் மெஷின் பக்கமே வந்தேன். எண்ணெய்ப் பசை உள்ள பாலிஷ் கீறலுக்குள் போய் உட்கார்ந்து தற்காலிகமாக மறைத்திருக்கிறது, கழுவக் கழுவ அது போய்விட்டது. பட்டைகள் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் விட்டுப்போன தடம், ஹோலோகிராம் என்கிறார்கள்.

அதற்கப்புறம் நானே ஒரு டிஏ பாலிஷர் வாங்கினேன், பாலிஷ் மெஷினில் அது ஒரு வகை, விவரம் கீழே சொல்கிறேன். மூன்று வருடம் முடிந்துவிட்டது. என் கார், அண்ணன் கார், மாமாவின் பழைய மாருதி 800, தெருவில் இரண்டு வண்டி என்று போட்டுப் பார்த்தாயிற்று.

மெஷினைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம், இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. நாம் பார்க்கிற கீறலெல்லாம் பெரும்பாலும் அதில்தான். தொழிற்சாலையில் இருந்து வரும்போது அதன் தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தை, கீறலின் அடி மட்டம் வரை இன்னும் மெலிதாக்குவது, அவ்வளவுதான். போனது திரும்ப வராது. வெயிலில் இருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதே படலம்தான். அதனால் எந்த மெஷின் சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பதைவிட, எந்த மெஷின் குறைவாக எடுக்கும், நான் தப்புப் பண்ணினாலும் எது தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

நான் மெஷின் தேடுகிறேன் என்றதும் எங்கள் தெருமுனை டிங்கரிங் கடை அண்ணன் சொன்னார்: "இதுக்குப் போயி தனியா மெஷின் எதுக்குங்க, கிரைண்டர்ல பஃப் மாட்டி விட்டா வேல முடிஞ்சுதுங்களே." அவர் இருபது வருடமாகச் செய்கிறார், அவர் கைக்கு அது வரும். ஆனால் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும், இரும்பு அறுக்கச் செய்த மெஷின் அது. பாலிஷுக்கென்றே வரும் ரோட்டரி 600இல் ஆரம்பித்து 3000 வரைக்கும்தான் போகும், அதுவே ஒரே இடத்தில் சில நொடி நின்றால் பெயின்ட் சூடாகிப் பொசுங்கிவிடும். முதல் தடவை மெஷின் பிடிப்பவர் தயவுசெய்து கிரைண்டரைத் தொட வேண்டாம்.

டிஏ என்பது டூயல் ஆக்‌ஷன். பூமி தானும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிற மாதிரி, மெஷினில் ஒட்டும் நுரைப் பேட் தன் அச்சில் சுற்றும், அந்த அச்சும் ஒரு சின்ன வட்டம் போடும். இதில் புதியவருக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அதிகமாக அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். சூடு ஏறுவது குறைவு, ஹோலோகிராம் விழுவது ரொம்பவே அரிது. வேலை மெதுவாகத்தான் நடக்கும், அது எனக்குச் சம்மதமே. கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்ற வைக்கும் டிஏவும் விற்கிறார்கள், அது அழுத்தினாலும் நிற்காது, முதல் மெஷினாக அது வேண்டாம்.

வாங்கும்போது எல்லோரும் வாட்ஸ் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்தது வேறு. ஒன்று த்ரோ, அதாவது அந்தச் சின்ன வட்டத்தின் அளவு. 8 மில்லிமீட்டர், 15, 21 என்று வரும். பெரிய த்ரோ தட்டையான பரப்பில் வேகமாக வேலை செய்யும், ஆனால் வளைவில் பேட் நின்று நின்று போகும். ஸ்விஃப்ட் மாதிரி எங்கு பார்த்தாலும் வளைவாக இருக்கும் வண்டிக்கு 15 போதும் என்று எடுத்தேன், இன்று வாங்கினாலும் அதைத்தான் எடுப்பேன். அடுத்து எடை. என் மெஷின் இரண்டரைக் கிலோ. பானெட்டில் வைத்து ஓட்டும்போது அது ஒன்றுமே இல்லை, கதவுப் பக்கம் வந்து கை நீட்டிப் பிடிக்கும்போதுதான் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். கடையில் எடுத்துச் சுவரோடு சேர்த்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது, மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் உள்ளூரில் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வந்து தருகிறேன் என்றால் வோல்டேஜைப் பாருங்கள், 110 வோல்ட் மெஷினை நம் 230இல் சொருகினால் அன்றோடு முடிந்தது.

மெஷின் ஏழாயிரம் சொச்சம் ஆனது. ஆனால் அதோடு நிற்காது. ஃபோம் பேட் ஆறு, கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்டு ஒரு பாட்டில், கடைசி மினுமினுப்புக்கு ஃபினிஷிங் பாலிஷ் ஒரு பாட்டில், பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார், நல்ல மைக்ரோஃபைபர் துணி பத்து, மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து இன்னொரு நான்காயிரம் ஆகிவிட்டது. பட்ஜெட் போடும்போது மெஷின் விலையில் பாதிக்கு மேல் இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பேட் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஒரு கம்பெனியில் ஆரஞ்சு கடினமானது என்றால் இன்னொன்றில் அதுவே நடுத்தரமாக இருக்கும். விரலால் அமுக்கிப் பாருங்கள், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

முதல் நாளை அப்படியே சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு வண்டியைப் போர்டிகோவுக்குள் விட்டு, கழுவி, கிளே பார் போட்டேன். கழுவிய பானெட்டைக் கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருந்தது, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் விரலை விட்டு அதே இடத்தைத் தடவியபோது மணல் தாள் மாதிரி நறநறவென்று இருந்தது. அந்த அழுக்கை எடுக்காமல் மெஷின் வைத்தால், அதையே வைத்துப் பெயின்ட்டைத் தேய்ப்போம். பிறகு கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பாடியின் கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். விளிம்பில் பெயின்ட் இயல்பாகவே மெலிதாக இருக்கும், பொசுங்குவதும் முதலில் அங்கேதான்.

பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு சோதனை. பேட்டில் பட்டாணி அளவில் நான்கு சொட்டுக் காம்பவுண்டு. பேட்டைப் பெயின்ட்டில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், நான் அந்தரத்தில் பிடித்தபடி போட்டேன், சுவர், சட்டை, முன் கண்ணாடி எல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டாவது முறை சரியாக வைத்து, வேகத்தை 1இல் வைத்துப் பரப்பிவிட்டு, 4க்கு ஏற்றி, நொடிக்கு ஒரு அங்குலம் என்கிற கணக்கில் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை என்று மூன்று சுற்று ஓட்டினேன். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். அதிகமாக அழுத்த வேண்டாம், மெஷினின் எடையும் கை எடை கொஞ்சமும் போதும். துடைத்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து இன்னொரு தடவை துடைத்தேன், ஏனென்றால் எண்ணெய் மினுமினுப்பு கீறலை மறைத்து நம்மை ஏமாற்றிவிடும். பிறகு செல்போன் டார்ச்சை அடித்தேன். டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை, அந்தப் பக்கம் வெளிச்சம் ஒரே புள்ளியாக, கிணற்றுக்குள் நிலா தெரிவது மாதிரி ஆழமாக. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டிதானா?" என்றாள்.

முழு வண்டிக்கும் இரண்டு நாள் ஆனது. வெயில் ஏறி ஒன்பதரை மணிக்கு மேல் தகடு சூடானால் காம்பவுண்டு சட்டென்று காய்ந்து பொடியாகிவிடும், அதனால் காலையும் மாலையும்தான் வேலை.

இந்த மூன்று வருடத்தில் மிகவும் உதவிய ஒரு சின்ன வேலை: பேட்டை ஒட்டுகிற தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தது. மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றினால் பேட் சுற்றுகிறது, நின்றால் நின்றுவிட்டது. சத்தத்தை வைத்து ஆரம்பத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது, சுற்றாத பேட்டும் அதே மாதிரிதான் இரையும். முதல் கதவில் அரை மணி நேரம் போராடியும் கீறல் போகவில்லை, கோடு போட்ட பிறகுதான் தெரிந்தது நான் மெஷினைச் சாய்த்துப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன் என்று. வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாலிஷ் போட்ட இடத்திலேயே அது உரசும். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

பம்பரில் மட்டும் ஒரு இடம் கெட்டது. மூன்று அங்குல பிளேட்டை இதே மெஷினில் மாட்டினால் இடுக்கெல்லாம் போகலாமே என்று மாட்டினேன். உள்ளே இருக்கும் எதிர் எடை ஐந்து அங்குல பிளேட்டுக்கென்று கணக்குப் போட்டு வைத்தது, சின்னதை மாட்டியதும் கை மரத்துப்போகிற அளவுக்கு உதறியது, அந்த உதறலில் பனிவிளக்குப் பக்கத்து விளிம்பில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டேன். காசு அகலத்துக்கு மங்கலாகிவிட்டது. பம்பர் பிளாஸ்டிக், இரும்புத் தகடு மாதிரி சூட்டைக் கடத்தி விடாது, அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்து இடுக்கு, கண்ணாடிக் கூடு, கைப்பிடிக் குழி எல்லாம் கையால்தான்.

மாமாவின் 800 சிவப்பு. போட ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் பேட் முழுக்கச் சிவப்பு. என் வண்டியில் பேட் எப்போதும் வெள்ளையாகவே வரும், அதனால் நெஞ்சு பதறி நிறுத்திவிட்டேன். அந்தப் பழைய பெயின்ட்டில் கிளியர் கோட்டே கிடையாது, நிறமே மேல் படலம். அதில் பேட் நிறம் பிடிப்பது இயல்புதான். மென்மையான பேட்டை மாட்டி, ஒரே சுற்றோடு நிறுத்தினேன். "ஷோரூம்ல இருந்து எடுத்துட்டு வந்தப்ப இப்படித்தான் மாப்ளே இருந்துச்சு" என்று மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேட்டில் நிறம் வந்தால் அது வேறு கதை, அந்த நொடியே மெஷினை எடுத்துவிட வேண்டும்.

மூன்று வருடத்தில் என் வண்டிக்குக் கடினமான பேட்டும் காம்பவுண்டும் போட்டது அந்த முதல் தடவை மட்டும்தான். அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை ஃபினிஷிங் பாலிஷ், அதன் மேல் வாக்ஸ். ஏனென்றால் புதுக் கீறல் விழுவதையே நிறுத்திவிட்டேன். பனியன் வேஸ்ட் இப்போது இன்ஜின் ஆயில் துடைக்க மட்டும். வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பதே இல்லை. இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் கையுறையை அலச. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், பெயின்ட்டில் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், வெயிலில் விட்டால் அது கிளியர் கோட்டைக் கடித்து உள்ளே இறங்கிவிடும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, நிழலில் கழுவி, உடனே ஒற்றி எடுக்கிறேன். புதிதாக விழுந்த வட்டம் என்றால் வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து உடனே கழுவினால் போய்விடுகிறது, அதற்கெல்லாம் மெஷினை எடுப்பதில்லை.

பேட் இரண்டு போய்விட்டது. ஒன்று சூட்டில் நடுவில் வெல்க்ரோ கழன்றது, இன்னொன்றைத் துவைத்துவிட்டு மொட்டை மாடி வெயிலில் போட்டேன், பசை இளகிவிட்டது. இப்போது நிழலில், நுரைப் பக்கம் கீழே இருக்கும்படி காய வைக்கிறேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பழைய டூத்பிரஷால் பேட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வேன், காய்ந்த காம்பவுண்டு அடைத்துக்கொண்டால் பேட் சூடாவதோடு அந்தக் கட்டியே கீறிவிடும். போன மாதம் மெஷின் ஓடும்போது காற்றோட்டத் துளையில் வழக்கத்தைவிடப் பொறி அதிகமாகத் தெரிந்தது, கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருந்தது. வெளியே இருக்கும் இரண்டு மூடியைத் திருகிப் புதுசு போட்டுவிட்டேன், ஐந்து நிமிட வேலை. இன்னொரு ஜோடி டப்பாவில் இருக்கிறது.

பின்பக்க இடது கதவில் யாரோ சாவியால் இழுத்த கோடு ஒன்று அப்படியேதான் இருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. நகம் மாட்டுகிற கீறல் கிளியர் கோட்டின் ஆழத்துக்கே போயிருக்கும், அதை மட்டம் செய்யப் போனால் படலமே தீர்ந்துவிடும். அதன் ஓரத்தை மட்டும் லேசாக மழுக்கிவிட்டேன், இரண்டடி தள்ளி நின்றால் தெரிவதில்லை.