சோனி எம்டிஆர்-7506: பழசைப் பிரித்துச் சரிசெய்ய ஏற்றதா?

1991 முதல் விற்பனையில் இருக்கும் ஸ்டுடியோ ஹெட்ஃபோன். பழுது பார்க்கும் கோணத்தில் மட்டும் பார்த்தால் நல்ல மதிப்பெண் தரலாம். காதுப் பஞ்சை உருவினால் சின்ன ஸ்டார் திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றினால் டிரைவர் (ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) கையோடு வந்துவிடும். குறை ஒன்றுதான்: கேபிளைக் கழற்றி மாட்ட முடியாது, உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

பிரிப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, மின்தடையை (ஓம்) அளக்கும் நிலையில் வையுங்கள். கேபிள் முனையில் சாதனத்தில் செருகும் பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. நுனிக்கும் அடிக்கும் இடையே சுமார் 60 ஓம் காட்ட வேண்டும், வளையத்துக்கும் அப்படியே. மீட்டர் அசையவில்லை என்றால் பஞ்சைக் கழற்றி, டிரைவரின் இரு முனைகளில் நேரடியாக வைத்துப் பாருங்கள். அங்கே 60 காட்டி, மெல்ல 'டக்' என்று கேட்டால் டிரைவர் உயிரோடு இருக்கிறது; அறுந்தது ஒயர்தான். அங்கும் ஒன்றும் இல்லையென்றால் டிரைவருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது. டிரைவரை மாற்றத்தான் வேண்டும்.

இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோம் என்றால் பொது ஒயர் அறுந்திருக்கிறது. அப்போது இரு டிரைவர்களும் தொடராக இணைந்துவிடும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி அடிபட்டுப் போகும். குரலை நடுவில் வைத்தே மிக்ஸ் செய்வதால் அதுதான் தொலைகிறது.

ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் முதலில் பின்னின் கழுத்தை வளைத்துப் பாருங்கள். பிறகு கேபிள் இடது காதுக் கிண்ணத்தில் நுழையும் இடம். அடுத்தது தலைப்பட்டையிலிருந்து கிண்ணத்துக்கு இறங்கும் மெல்லிய ஒயர்; வெளியே தெரியும்படி விட்டிருப்பதால் மடிக்கும்போது மாட்டி இழுபடும். இந்த மாடலில் நாங்கள் குறை சொல்லும் இடம் இதுவே.

புதுப் பின் வைக்கும்போது பலர் தோற்பது ஒயரின் மேல்பூச்சில். இழைகளின் மேல் எனாமல் இருக்கும். செம்பு போலத் தெரிந்தாலும் ஈயம் பிடிக்காது. கத்தியால் சுரண்டினால் இழை அறுந்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதற்குள் ஒயரை மூன்று நான்கு விநாடி முக்குங்கள். புகை வந்து ஒயர் வெள்ளி நிறமாகும். உள்ளே நூல் ஓடினால் வெட்டி எறியுங்கள். பின்னின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்கையும் (சூட்டில் சுருங்கி ஒயரை மூடும் குழாய்) முதலிலேயே கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. டிரைவர் முனையில் அயர்ன் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகும். பக்கத்திலுள்ள முடி போன்ற காயில் கம்பியைத் தொடவே வேண்டாம்.

பஞ்சின் மேல்தோல் உரிந்திருந்தால் பழைய கனத்திலேயே வாங்குங்கள். தடித்த வெல்வெட் பஞ்சு சுகமாக இருக்கும், ஆனால் டிரைவர் காதிலிருந்து விலகும், பாஸ் குறையும்.

கேபிளைக் கழற்றி மாட்டும்படி கிண்ணத்தில் ஓட்டை போட்டு சாக்கெட் பொருத்தும் ஆசை வந்தால், முதலில் டிரைவரை அப்புறப்படுத்துங்கள். காந்தம் இரும்புத் துகளை இழுத்துக்கொண்டால் கரகரப்பு நிரந்தரம்.

மூடுவதற்கு முன் ஒருவர் பேசும் மோனோ ஒலிப்பதிவை (இரு பக்கமும் ஒரே ஒலி வருவது) போடுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் சிதறினால், ஒரு டிரைவரில் மட்டும் இரு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள்.