கூடின தைரொயிட்டுக்கு மூன்று வழி: குளிசை, கதிர் அயடீன், சத்திரசிகிச்சை

தைரொயிட் கூடிவிட்டது என்று ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லாரும் எந்த மருந்து நல்லது என்றுதான் விசாரிப்பார்கள். அதற்கு முதல் ஏன் கூடியது என்று தெரிய வேண்டும். கிரேவ்ஸ் நோய் என்றால் உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருக்கும். சிலருக்குச் சுரப்பியில் உள்ள கட்டி தன்பாட்டில் சுரக்கும். பிள்ளை பிறந்த பிறகு வரும் அழற்சி என்றால் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும், அதற்குக் கார்பிமசோல் (சுரப்பைக் குறைக்கும் குளிசை) விழுங்கிப் பயனில்லை. அன்ரிபொடி ரெஸ்ற்றோ ஸ்கானோ செய்து இதைப் பிரித்தறிந்த பிறகுதான் மற்றக் கதை. எனக்கு இருந்தது கிரேவ்ஸ். கார்பிமசோலை முழுத் தவணையும் எடுத்து, நிறுத்தி, அது திரும்பி வந்த பிறகு நான் சுரப்பியை எடுக்கும் சத்திரசிகிச்சைக்குப் போனேன். இப்போதும் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

முதற்தடவை வந்தவர்களுக்குக் கார்பிமசோல்தான் சரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூடின அளவில் தொடங்கி, இரத்தம் பார்த்துப் பார்த்து ஐந்து, பத்து மில்லிகிராமுக்கு இறக்குவார்கள். நெஞ்சுப் படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் ப்ரொப்பிரானலோல் சேர்த்துத் தருவார்கள், ஆனால் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை முதலே சொல்லிவிட வேண்டும். 12 முதல் 18 மாதம் எடுத்து நிறுத்தினால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வருவதில்லை. சுரப்பியும் அப்படியே இருக்கும், வாழ்நாள் குளிசையும் இல்லை. பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: மிகச் சிலருக்கு வெள்ளைக் கலங்கள் சட்டென்று விழுந்துவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கக்கூடாது, குளிசையை நிறுத்தி அன்றைக்கே எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணும் ரெஸ்ற்) பார்க்க வேண்டும். மாரியில் இங்கே காய்ச்சல் என்றாலே டெங்கு என்றுதான் நினைப்பார்கள், டெங்குவிலும் வெள்ளைக் கலம் குறையும். ஆகவே கார்பிமசோல் எடுப்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும்.

கதிர் அயடீனைப் பற்றி நான் வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான், அனுபவித்துச் சொல்லவில்லை. 1941 முதல் பாவனையில் இருக்கும் மருத்துவம், வெட்டுக்கொத்து இல்லை, கதிர்வீசும் அயடீன் உள்ளே போய்ச் சுரப்பியைக் கருக்கிவிடும், பெரும்பாலும் ஒரு கப்சூலோடு முடிந்துவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் அதைத்தான் எடுத்தார், நன்றாக இருக்கிறார். ஆனால் அவருக்கு வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் காரில் அரைமணித்தியாலம். எனக்கு எழுதித் தர இருந்த இடம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம வைத்தியசாலை. அயடீன்-131 உடம்பில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் கதிர் படும், அதனால் முதல் நாட்களில் ஒருவரோடு ஒட்டி நெடுநேரம் இருக்க வேண்டாம் என்பார்கள். யாழ்ப்பாண பஸ்ஸில் விடிய விடிய, தோளோடு தோள் இடிக்க, பக்கத்து சீட்டில் மடியில் பிள்ளையோடு ஒரு தாய் இருந்தால் என்ன செய்வது? வீட்டிலும் சின்னப் பிள்ளைகளைச் சில வாரம் மடியில் வைத்திருக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது அறவே கூடாது, எடுத்த பிறகு ஆறு மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. கண் பிதுங்கி எரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடவும் வாய்ப்புண்டு, புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வரும் வருடங்களில் இந்த வருத்தத்தைக் கவனித்துக்கொள்ள எவ்வளவு ஓட வேண்டும் என்பதுதான்.

என் கிளினிக் கொப்பியைத் திறந்தால் அது தெரியும். கார்பிமசோல் காலத்துப் பக்கங்களில் 20, 15, 10, 5, பிறகு திரும்ப 15 என்று வெட்டியும் திருத்தியும் கிடக்கும். நோய் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், மருந்து அதன் பின்னால் ஓடும், நாங்கள் இரண்டுக்கும் பின்னால் ரெஸ்ற் துண்டோடு ஓடுவோம். விடியக் கிளம்பி நம்பர் எடுத்துக் காத்திருப்பது ஒரு நாள், ரிப்போர்ட்டோடு திரும்பப் போவது இன்னொரு நாள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பக்கங்களில் தைரொக்சின் (சுரப்பிக்குப் பதிலாக வாழ்நாள் முழுக்க எடுக்கும் ஹோர்மோன் குளிசை) 100 மைக்கிரோகிராம் என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப. சுரப்பி இல்லாதபடியால் ஏறி இறங்க எதுவும் இல்லை. நிறைக்கு ஏற்ற அளவில் தொடங்கி, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தி, அளவு பிடிபட்டதும் வருடத்துக்கு ஒரு ரெஸ்ற். கதிர் அயடீன் எடுத்தாலும் பெரும்பாலானவர்கள் கடைசியில் தைரொக்சினுக்குத்தான் வருகிறார்கள், ஆனால் சுரப்பி எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். அதுவரை அதே ஓட்டம்தான்.

2022 போல மருந்துத் தட்டுப்பாடு திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, நானும் அதை நெடுக யோசித்தேன். தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் போகும், ஒன்றிரண்டு நாள் தவறினால் உடனே விழுந்துவிட மாட்டோம், அதற்குள் தேடி வாங்கலாம். கையிருப்பாக ஒரு மாதக் குளிசை எப்போதும் வைத்திருக்கிறேன். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் தண்ணியோடு விழுங்கி, அரை மணித்தியாலம் கழித்துத்தான் பிளேன்ரீ. கல்சியம், இரும்புக் குளிசைகளை நாலு மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும்.

வெட்டுவது சின்ன விஷயம் இல்லை. குரல் நரம்பு கழுத்தில் சுரப்பிக்குப் பின்னாலேயே போகிறது, கல்சியத்தைக் காக்கும் சின்னச் சுரப்பிகள் நான்கும் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. இவற்றில் நிரந்தரச் சேதம் வருவது குறைவு, ஆனால் வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். தைரொயிட் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்கிறவரிடம் போங்கள், எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதலில் குளிசையால் அளவைச் சரியாக்கிய பிறகுதான் மேசைக்கு எடுப்பார்கள். எனக்குக் கடைசி நாட்களில் லூகோல் அயடீன் துளிகளும் தந்தார்கள், கபில நிறம், வாயில் இரும்பை நக்கினது போல ஒரு சுவை. முடிந்த பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறுவிறுத்தது. அது கல்சியம் குறைந்ததன் அறிகுறி, உடனே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கல்சியம் தந்து நின்றுவிட்டது. தழும்பு கழுத்து மடிப்போடு போய்விட்டது.

பாட்டை, படிப்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்களும் இதய வருத்தம் உள்ள வயதானவர்களும் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், அவர்களுக்குக் கதிர் அயடீனோ குறைந்த அளவு கார்பிமசோலை நெடுங்காலம் தொடர்வதோ பொருந்தலாம்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் எந்த வழியில் போனாலும் அதை முதல் நாளே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். கார்பிமசோல் கருவின் ஆரம்ப மாதங்களில் பிள்ளைக்குக் குறை உண்டாக்கக்கூடியது, அதனால் மருந்தை மாற்றுவார்கள். தைரொக்சினில் இருப்பவர்களுக்குக் கர்ப்பம் என்று தெரிந்ததும் அளவைக் கூட்ட வேண்டிவரும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சுரப்பியை எடுத்துவிட்டாலும், கிரேவ்ஸில் சுரப்பியைத் தூண்டிய அந்த அன்ரிபொடி இரத்தத்தில் வருடக்கணக்கில் நிற்கலாம், தாயிடமிருந்து கருவுக்குப் போய்ப் பிள்ளையின் தைரொயிட்டைத் தூண்டலாம். ஆகவே கர்ப்பவதி கிளினிக்கில் "தைரொயிட் குறைவு, குளிசை எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லாமல், முன்பு கிரேவ்ஸ் இருந்தது என்பதையும் கொப்பியில் எழுதுவியுங்கள்.