டிரைக்கோடெர்மா பொடி: தெளிக்கும் நாளில்தான் இருக்கிறது பலன்

மக்காச்சோளத் தட்டையை மட்க வைப்பதற்காக டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையின் பொடி வாங்கி, இரண்டு முறை பயன்படுத்திவிட்டேன். டால்க் மாவில் கலந்து, வெளிர்பச்சையாக இருக்கிறது.

முதல் முறை பொட்டலத்தில் எழுதியிருந்தபடியே செய்தேன். தட்டையை நறுக்கி, இடையிடையே சாணம் பரப்பி, பொடியைத் தண்ணீரில் கரைத்து அன்றே தெளித்தேன். நான்காம் நாள் குவியலின் நடுவில் செருகிய வெப்பமானி 63 டிகிரி செல்சியஸ் காட்டியது. இந்தப் பூஞ்சை செழிப்பதோ 25 முதல் 30 டிகிரியில். நடுவில் ஊற்றியது அத்தனையும் வெந்துபோயிருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கிளறினேன். பொடியே போடாத குவியலுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. பொடி மீதே சந்தேகம் வந்துவிட்டது. தட்டைத் துண்டுகளை வேகவைத்து ஆறவிட்டு, ஒரு சிட்டிகை தூவி, கண்ணாடிக் குப்பியில் மூடி வைத்தேன். ஒரு வாரத்துக்குள் பச்சை படர்ந்துவிட்டது. பொடிக்கு உயிர் இருந்தது. நான் தெளித்த நேரம்தான் தவறு.

அடுத்த முறை இரண்டு குவியல் போட்டு, இரண்டையும் முதலில் நன்றாகச் சூடேற விட்டேன். இருமுறை புரட்டி, சூடு 35 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஒன்றில் மட்டும் தெளித்தேன். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் வைத்தேன். பத்து நாளில் தட்டையின் வெட்டுவாயில் வெள்ளை இழை ஓடி, அதன் மேல் பச்சை பூத்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இருந்த நெட்டி கூழாகப் பிதுங்கியது. பொடி போடாத குவியலில் தட்டை இன்னும் விறைப்பாகவே நின்றது. அந்த நாள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

ஆனால் கணுக்கள் கரையவில்லை. டிரைக்கோடெர்மா செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைத்தான் வேகமாகச் சிதைக்கும். கணுவில் இறுகியிருக்கும் லிக்னின் என்ற கெட்டிப் பொருளிடம் அதன் வேலை அவ்வளவாகச் செல்லாது. அதற்குச் சிப்பிக் காளான் போன்ற வெள்ளை அழுகல் பூஞ்சைகள் வேண்டும். அறுவடை முடிந்த காளான் படுக்கையை உதிர்த்து இப்போது அந்தக் கணுக்களோடு கலந்து வைத்திருக்கிறேன்.

பொட்டலத்தின் மீது எனக்குக் கோபமும் உண்டு. சூடு தணிந்த பிறகு தெளிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பூஞ்சைக்கொல்லி தெளித்த கருவியில் கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. காலாவதி நாள் ஈரக்கை பட்டதும் அழிந்துவிட்டது. உயிருள்ள பொருளை விற்பவர்கள் இப்படி அலட்சியமாக இருக்கலாமா? பொடிக்காக மறுபடியும் வாங்குவேன். வெப்பமானி இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.